புறக்கடையை வடிவமைத்தவர்களை மேடைக்கு அழையுங்கள்

பழைய வடஆர்க்காட்டுப் பகுதியில் பெர்மாகல்ச்சர் பயிற்சிகளும் விதைத் திருவிழாக்களும் நடத்தும் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரியவர்களே, வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருக்கும் நம் பகுதியில், இயற்கையின் போக்கைப் பார்த்துப் பண்ணையை வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறைக்காகப் பயிற்சி வகுப்பு, விதைத் திருவிழா, பண்ணைப் பார்வையிடல் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்றை நடத்திக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். உங்களில் பலரை நான் அண்ணன் என்றும் தம்பி என்றும்தான் கூப்பிடுகிறேன். உரக்கடைப் பக்கம் போகாமல் பயிர் எடுக்க முடியாது என்று ஊரே சொன்ன காலத்தில், சொந்தக் காசைப் போட்டுச் சொந்த நிலத்தில் செய்து காட்டியவர்கள் நீங்கள். அந்த மதிப்பு கொஞ்சமும் குறையாமல்தான் எழுதுகிறேன். ஒருவர் இருவரிடம் போனில் பேசியும் இருக்கிறேன். ஆனால் இது ஓர் அமைப்பையோ ஒரு நிகழ்ச்சியையோ பற்றியது இல்லை. நம் எல்லோருக்கும் பொதுவான பழக்கம் ஒன்றைப் பற்றியது. அதனால் எல்லோர் முன்னும் வைக்கிறேன்.

நம் நிகழ்ச்சி நோட்டீஸ்களை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, கருத்துரை எல்லாம் ஆண்கள். பண்ணை வடிவமைப்பு, மண்வளம், நீர் அறுவடை வகுப்புகளும் ஆண்கள் கையில். பெண் பெயர் வருவது நன்றியுரையில், இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் மகளிர் அரங்கத்தில். அந்த அரங்கத்தின் தலைப்பு பெரும்பாலும் சிறுதானியப் பலகாரமாகவோ மூலிகைக் குளியல் பொடியாகவோ இருக்கும். பலகாரம் செய்வது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை. விளைந்த சாமையை வாய்க்குப் பிடிக்கிற உணவாக்கினால்தான் அடுத்த ஆண்டு அதை விதைப்பார்கள். என் வருத்தம் வேறு. நிலத்தைப் பற்றிப் பேச ஆண்கள், சமையலைப் பற்றிப் பேசப் பெண்கள் என்று நாம் கோடு கிழித்துவிட்டோம். நிலத்தில் அப்படி ஒரு கோடு இல்லவே இல்லை.

குடியாத்தம் பக்கம் ஒரு பண்ணையைப் பார்க்கப் போயிருந்தோம். பண்ணைக்காரர் மைக் பிடித்துக்கொண்டு அருமையாக விளக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் வந்தபோது, பீர்க்கங்கொடியை ஏன் இந்த மூலையில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். அவர் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே எங்களுக்கெல்லாம் கூழ் கரைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா, "பாத்திரம் கழுவுற தண்ணி அங்கதான் போவுது. மேற்கு வெயிலு செவுத்துல அடிக்காம கொடி மறைச்சிக்கும். காய் பறிக்க நான் செருப்பு கூட மாட்ட வேணாம்" என்றார். கழிவுநீர் மறுபயன்பாடு, வெயில் தடுப்பு, கைக்கெட்டும் தூரத்தில் விளைச்சல் என்று நம் வகுப்பில் மூன்று தனித்தனிப் பாடமாக நடத்துவதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஒருவர் கூட அதைக் குறித்துக்கொள்ளவில்லை. வீடியோ எடுத்தவர் கேமராவை மறுபடி பண்ணைக்காரர் பக்கம் திருப்பினார். பையன் கேட்டிருக்காவிட்டால் அந்த விளக்கம் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

இதற்குப் பெர்மாகல்ச்சருக்குள்ளேயே ஓர் இலக்கணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் இந்த முறையை உலகுக்கு முன்வைத்த காலத்திலிருந்து வலயம் என்ற கருத்து அதன் முதுகெலும்பாக இருந்து வருகிறது. வீடு பூஜ்ய வலயம். வீட்டை ஒட்டி, ஒரு நாளில் பலமுறை போய்வரும் இடம் முதல் வலயம்: கீரை, மிளகாய், கறிவேப்பிலை, நாற்று. அடுத்தடுத்து கோழியும் பழமரமும், பிறகு பெரும்பயிர், பிறகு மேய்ச்சலும் விறகும், கடைசியில் மனிதர் கை படாத ஐந்தாம் வலயம். எதை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிப்பது நிலத்தின் அளவோ விலையோ கிடையாது, ஒரு நாளில் எத்தனை முறை அங்கே நடக்கிறோம் என்பதுதான்.

சரி, நடப்பது யார்?

விடிகாலை மாட்டுக்கொட்டகைக்குப் போவதும், சாணம் வாருவதும், தண்ணீர் தொட்டி நிரப்புவதும், கோழியைத் திறந்துவிடுவதும், ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும், சாயங்காலம் விறகு பொறுக்குவதும் நம் வீடுகளில் யார் கால்கள்? அந்தக் கால்களின் கணக்கில்தான் வலயம் வரைய வேண்டும். ஆனால் பயிற்சியில் வரைபடம் போட உட்காருகிறவர் ஆண். அவர் போய்வரும் வழி மோட்டார் கொட்டகைக்கும் சாலைக்கும்தான். அதனால் அவர் வரைபடத்தில் பண்ணைக்குட்டை அழகான இடத்தில் இருக்கும், பார்வையாளர் குடில் நிழலில் இருக்கும், மாட்டுக்கொட்டகை மட்டும் நாற்றம் வரக்கூடாது என்று கடைக்கோடிக்குப் போய்விடும். அந்தத் தூரத்தைச் சாணக் கூடையோடு ஒரு பெண் காலமெல்லாம் நடந்து தீர்க்க வேண்டும். அப்படி ஒரு வரைபடத்தில் மேட்டுப்பாத்தியும் வாழைவட்டமும் எத்தனை இருந்தாலும் வடிவமைப்பு தவறானதுதான். இதைப் பெண்ணுரிமை என்ற தலைப்பில் மட்டும் சொல்லவில்லை. பெர்மாகல்ச்சர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதிப்படியே தவறு என்கிறேன்.

உழைப்பைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். ரசாயன விவசாயத்தில் கடைக்குப் போய் மூட்டை வாங்கி வீசினால் முடிந்தது. நாம் சொல்லும் முறையில் சாணமும் கோமியமும் வெல்லமும் சேர்த்து ஜீவாமிர்தக் கரைசல் கலக்க வேண்டும், கோமியம் பிடிக்க வேண்டும், மூடாக்குக்கு இலைதழை சுமந்து வர வேண்டும், களைக்கொல்லி அடிக்காத நிலத்தில் குனிந்து களை எடுக்க வேண்டும். "செலவு மிச்சம்" என்று நாம் மேடையில் சொல்கிறோமே, அந்த மிச்சத்தில் பாதி பெண்ணின் இடுப்பிலிருந்து வந்தது. கோமியம் பிடிக்க விடிவதற்கு முன் எழுந்து மாட்டுக்குப் பின்னால் வாளியோடு நிற்பது யார் என்று எந்த வரவு செலவுக் கணக்கிலும் எழுதுவதில்லை. இந்த முறை நல்லது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். மண் திரும்ப உயிர் பெறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், என் கழனியில் மண்புழு வந்திருக்கிறது. ஆனால் வேலையின் அளவையும் நேரத்தையும் அந்த வேலையைச் செய்கிறவர்களே தீர்மானித்தால்தான் இது நீடிக்கும். எதை இந்த ஆண்டு செய்வது, எதை விடுவது, எங்கே ஒரு குழாய் இழுத்தால் இரண்டு நடை மிச்சம் என்பதைச் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருக்க வேண்டும். தலைமை என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

விதைக்கு வருகிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் இருக்கும் அணைக்கட்டு வட்டத்துக்காரி என்ற முறையில் எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. காம்பில் முள்ளோடு, எண்ணெய்க் கத்தரிக்குழம்பில் கரையாமல் நிற்கிற அந்தக் காய் இத்தனை தலைமுறை மாறாமல் வந்தது எப்படி என்று யோசித்தீர்களா? செடியிலேயே பழுக்க விட வேண்டிய காய் எது என்று ஒருவர் பார்த்து வைக்க வேண்டும். புழு குத்தாத, வயிறு நிறைந்த, நடுக்காலத்துக் காயாகப் பார்த்து, பறிக்கிறவர்கள் கை வைக்காமல் இருக்க அதில் ஒரு துணியைக் கட்ட வேண்டும். மஞ்சளாகப் பழுத்த பின் பிசைந்து, அலசி, மிதக்கும் விதையை ஒதுக்கி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, நொச்சித் தழையோடு முடிந்து வைக்க வேண்டும். பரங்கி விதையானால் சாணத்தில் பதித்து வறட்டியாகத் தட்டிச் சுவரில் அறைந்துவிடுவார்கள், ஆடி வரும்வரை அது பாட்டுக்கு இருக்கும். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையின் ஓரச் சாலில் துவரை எவ்வளவு, காராமணி எவ்வளவு, நடுவில் ஆமணக்கு எங்கே என்று விதைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முடிவு செய்தவர்களும் பெண்களே. ஜவ்வாது மலையில் சாமைக் கதிரை நுகர்ந்தும் தேய்த்தும் பார்த்து விதைக்கென்று தனியாக எடுத்து வைக்கிற மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடி அம்மாக்களிடம் உள்ள தேர்வுக் கண், பட்டம் வாங்கிய பலரிடம் கிடையாது.

இந்த விதைகள்தான் நம் திருவிழாக்களில் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் வருகின்றன. பாக்கெட்டின் மேல் ரகத்தின் பெயர், சேகரித்த அமைப்பின் பெயர், சில சமயம் சேகரித்த தம்பியின் போன் நம்பர் இருக்கும். இத்தனை ஆண்டு காத்துக் கொடுத்தவர் பெயரை மட்டும் காணோம். ஒரு முறை என் பக்கத்து நிலத்து அக்கா தன் வீட்டு அவரையையும் சுரையையும் நம்பிக் கொடுத்து அனுப்பினார். திருவிழாவில் அதே விதை அவர் வீட்டுக்காரர் பெயரில் காட்சிக்கு இருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவருக்கே சங்கடமாகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பதிவேட்டில் விவசாயி என்ற இடத்தில் எழுதும்போது கை தானாக ஆண் பெயரை எழுதிவிட்டது. இனி அந்தக் கையைத்தான் நாம் நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும்.

உலகம் முழுக்க இந்த இயக்கத்தின் கதையை இரண்டு ஆண்களின் பெயரில் தொடங்குகிறோம். அது உண்மைதான். ஆனால் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ரோஸ்மேரி மோரோ போன்ற பெண் ஆசிரியர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. வியட்நாம், கம்போடியா, ஆப்கானிஸ்தான் என்று போரில் நொறுங்கிய நாடுகளில் எளிய மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நமக்கு ஓர் இரவுப் பயண தூரத்தில், தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம், பத்மா கொப்புலாவும் நரசண்ணா கொப்புலாவும் சேர்ந்து 1999-ல் அரண்யா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உலகப் பெர்மாகல்ச்சர் மாநாடு 2017-ல் ஐதராபாத்தில் நடந்ததில் அவர்கள் உழைப்பு பெரியது. நாம் பேசும்போது நரசண்ணாவின் பெயர் சட்டென்று வருகிறது. பத்மா அவர்களின் பெயரைத் தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே ஜஹீராபாத் வட்டாரத்தில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் சங்கங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தலித் பெண்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தரிசாகக் கிடந்த செம்மண் நிலத்தைத் திருத்தி, ஒரே கொல்லையில் பத்து இருபது பயிரைக் கலந்து விதைத்து, கிராமம்தோறும் விதை வங்கி வைத்தார்கள். 2019-ல் அவர்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. எனக்குப் பரிசை விடப் பெரிதாகப் படுவது இன்னொன்று: அவர்கள் கேமராவைத் தாங்களே பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2008 அக்டோபர் 15-ஆம் தேதி சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியையும் தொடங்கினார்கள். தங்கள் நிலத்தைப் பற்றி மற்றவர் வந்து பேசட்டும் என்று காத்திருக்கவில்லை. குடியாத்தத்தில் கேமரா திரும்பியபோது எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது.

நம் மேடைகளின் பின்னணியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா படம் இருக்கிறது, என்றும் இருக்கட்டும். பக்கத்தில் மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியின் படத்தையும் வையுங்கள். நூறு வயதைத் தாண்டியும் தன் நிலத்தில் இறங்கி இயற்கை வழியில் விவசாயம் செய்தவர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர், 2024-ல் மறைந்தார். நம் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு அவர் முகமே தெரியாது.

"நாங்கள் கூப்பிடுகிறோம், பெண்கள்தான் வருவதில்லை, பேசச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள்" என்று என்னிடம் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பதிலைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். மகளிர் குழுவில் கடன் தவணைக்கு வங்கி மேலாளரிடம் வாதாடுகிற பெண்கள் இவர்கள். ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்த பிறகு வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் நாகநதி செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, நூறு நாள் வேலையில் வெயிலில் நின்று ஆற்றுப்படுகையில் நீர்செறிவுக் கிணறுகளும் மலைச்சரிவில் கல் தடுப்புகளும் கட்டியவர்கள் நம் மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான பெண்கள். கிணற்றில் நீர் ஏறியதை நாடே பேசியது. அதில் வேலை செய்த ஓர் அம்மாவையாவது நம் நீர் அறுவடை வகுப்புக்குப் பயிற்றுநராக அழைத்திருக்கிறோமா? தண்ணீர் எந்தச் சரிவில் எப்படி ஓடி வருகிறது, எந்தக் கல்லை எப்படி அடுக்கினால் மழையில் பெயராது என்பது அவர்கள் கை அறிந்த பாடம். "நமக்கின்னா தெரியும், அவரையே கேளுங்க" என்று அவர்கள் சொல்வது உண்மை. கேட்கிறவர் பேனாவும் கேமராவுமாக எதிரில் நின்று, வீட்டுக்காரரும் பக்கத்தில் நிற்கும்போது அப்படித்தான் சொல்வார்கள். களை எடுக்கும்போது பக்கத்தில் குனிந்து கேட்டுப் பாருங்கள். நிறுத்தவே முடியாது.

வராததற்கு இன்னும் சாதாரணக் காரணங்களும் உண்டு. வடிவமைப்புச் சான்றிதழ் பயிற்சி 72 மணி நேரம். அதை நாம் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கிப் படிக்கும் முகாமாக நடத்துகிறோம். கறவை மாடு இருக்கும் வீட்டுப் பெண் ஓர் இரவு கூட வெளியே தங்க முடியாது. அதையே வாரம் ஒரு நாள், காலைப் பால் ஊற்றிவிட்டு வந்து சாயங்காலக் கறவைக்குள் வீடு திரும்பும்படி, ஊருக்குள்ளேயே நடத்தினால் என்ன கெட்டுவிடும்? ஒரு பட்டம் முழுக்க, விதைப்பிலிருந்து அறுவடை வரை நீளும் பயிற்சியாக அது அமைந்தால் இன்னும் நல்லதுதான், பயிரும் கண் முன்னால் வளரும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் காசு பிரச்சினை குறைந்திருக்கிறது. ஆனால் நம் பண்ணைகள் பல கடைசி நிறுத்தத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கின்றன. ஒரு ஷேர் ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாத பண்ணையில் முழுநாள் நிகழ்ச்சி வைக்காதீர்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் எப்படிப் பாடம் கேட்பார்கள்?

இந்த ஊருக்குப் பெண்களைத் தலைமைக்குத் தயார் செய்த பழைய வழக்கம் ஒன்று உண்டு. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-ல் மருத்துவப் பள்ளி தொடங்கியது பெண்களுக்காக மட்டும். ஆண்கள் அங்கே சேர்ந்தது 1947-ல்தான். பிரசவத்துக்கு ஆண் மருத்துவரை விடமாட்டோம் என்றிருந்த வீடுகளில் உயிர் காக்கப் பெண் மருத்துவர்கள் வேண்டும், அவர்களைப் பயிற்றுவிக்கத் தனி இடம் வேண்டும் என்று அன்றைக்கு ஒருவருக்குத் தோன்றியது. நூறு ஆண்டுக்கு மேலான பிறகு, அதே வேலூரில், மண்ணைக் காக்கும் பெண்களுக்கு ஒரு வகுப்பறை அமைக்க நமக்குத் தயக்கம் வேண்டாம்.

நிலத்தின் பெயரைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். இந்த விஷயத்தைத் தொடவே நம் கூட்டங்களில் அஞ்சுகிறோம். தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் 2005-ல் வந்தது. இருந்தும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டில் நிலம் நடத்துவோரில் பெண்கள் 100-க்கு 14 பேர் கூட இல்லை. பட்டா இல்லாதவர் பல சலுகைகளுக்கு விண்ணப்பிக்க முடியாது, கடன் கிடைப்பதும் கடினம், பல திட்டங்களில் விவசாயி என்றே எண்ணப்படுவதில்லை. 2007-ஆம் ஆண்டின் தேசிய உழவர் கொள்கை கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் உழவர் என்றே சொல்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பெண் உழவர்களின் உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: நம் குழுக்களின் உறுப்பினர் பட்டியலிலும் அங்கக (இயற்கை வேளாண்) சான்றுக் குழுக்களிலும் கணவன் மனைவி இருவர் பெயரையும் உழவராக எழுதுவது. அதற்குப் பட்டா கேட்காதீர்கள். நிலத்தில் வேலை செய்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

இங்கே என் போன்ற பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்களுக்கு இடம் என்று கேட்டு வாங்கிய பிறகு, அந்த இடத்தில் யார் உட்காருவது? சொந்த நிலமும் கல்லூரிப் படிப்பும் சொந்த வண்டியும் உள்ள என்னைப் போன்றவர்கள் உட்காருவது எளிது. நகரத்திலிருந்து வந்து பண்ணை வாங்கிய சகோதரிகள் நன்றாகப் பேசுவார்கள், அவர்கள் வருகையை நான் வரவேற்கிறேன். ஆனால் நம் பண்ணைகளில் நடவுக்கும் களைக்கும் கூலிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பத்துப் பெண்கள். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு மலையூர்ப் பெண்கள் நம் கூட்டங்களுக்கு விதையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். என்னைப் போல் நால்வரை மேடையில் ஏற்றிவிட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பாதி வேலை கூட ஆகாது. மண்ணைக் காத்தல், மனிதரைக் காத்தல், நியாயமாகப் பங்கிடுதல் என்ற மூன்று அறங்களைப் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம். மூன்றாவது அறம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்பது இங்கேதான் தெரியும். ஒரு நாள் கூலியை இழந்து வந்து நமக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்கு, ஐ.டி. வேலையை விட்டு வந்த பயிற்றுநருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுங்கள். பொன்னாடை போதாது.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து, பாதிப் பயிற்றுநர்கள் பெண்களாக இல்லாத நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், பெயர்கள் தருகிறேன். மகளிர் அரங்கத்தைத் தனியாக வைப்பதை நிறுத்தி, நீர், மண், மரம், விதை என்று எல்லா அமர்விலும் பெண்களை நடத்தச் செய்யுங்கள். வடிவமைப்புப் பயிற்சிக்கு வரும் ஆண், வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து வரைந்த வரைபடத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். அவர் ஒரு நாளில் நடக்கும் வழியும் அதில் வரையப்பட்டிருக்க வேண்டும். விதைப் பாக்கெட்டில், அவர் சம்மதித்தால், காத்தவர் பெயரும் ஊரும் வரட்டும். பணமும் தேதியும் இடமும் முடிவாகும் அமைப்புக் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று இன்றே பாருங்கள். எனக்கு இவற்றில் மிக முக்கியமானது இந்தக் கடைசி ஒன்று. மேடை ஒரு நாள் இருக்கும். குழுவில் இருப்பவர்கள்தான் ஆண்டு முழுக்க முடிவெடுப்பார்கள்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. யூடியூபில் பண்ணை வீடியோ போடுகிறீர்கள், நிறையப் பேர் பார்க்கிறார்கள், நல்ல வேலை. அடுத்த பண்ணைக்குப் போகும்போது, அந்த வீட்டுப் பெண்ணைக் கழனிக்கு நடுவில் நிற்க வைத்துக் கேள்வி கேளுங்கள். சமையலறையிலும் கோலத்துக்கு முன்னாலும் நிற்க வைத்து எடுத்தது போதும். "உங்க வீட்டுக்காரர் எப்ப ஆரம்பிச்சார்" என்று தொடங்காமல், "நீங்க இதை ஏன் இங்க வெச்சீங்க" என்று தொடங்குங்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஆம் ஆண்டைச் சர்வதேசப் பெண் உழவர் ஆண்டாக அறிவித்திருக்கிறது. அக்டோபர் 15 உலக ஊரகப் பெண்கள் நாள், நம் நாட்டில் பெண் உழவர் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைக்கு மாலையும் மரியாதையும் வேண்டாம். புரட்டாசிக் கடைசி அது, மழை இறங்கியிருக்கும், மண் வேலைக்கு ஏற்ற சமயம். அந்த நாளில் பெண்கள் மட்டும் நடத்தும் முழுநாள் வடிவமைப்பு வகுப்பு ஒன்றை நம் பகுதியில் தொடங்குவோம். ஆண்களும் வரட்டும், உட்கார்ந்து கேட்கட்டும், மதியச் சமையலை அன்றைக்கு அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இடம் என் நிலத்திலேயே தருகிறேன். கழிப்பறை இருக்கிறது, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் தூரம்தான். நாகநதியில் வேலை செய்த அம்மாக்கள் சிலரிடமும் மலையூரிலிருந்து சாமை விதைக்காரர்களிடமும் பேசிவிட்டேன், கூலியை ஈடுகட்டினால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் அமைப்புகள் பங்கு போட வேண்டும். எவ்வளவு முடியும் என்பதையும், உங்கள் குழுவிலிருந்து ஏற்பாட்டுக்கு வரப்போகும் பெண் யார் என்பதையும் ஆடிப்பட்டம் தொடங்கும் முன் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
அணைக்கட்டு வட்டத்திலிருந்து
ஓர் உழவர்